மாரிக்குக் காத்திருக்கும் விதைகள்

வன்னிப் பெருநிலப்பரப்பின் காடுகளில் விழும் விதை முளைப்பதற்கு ஈரம் மட்டும் போதுமானதன்று. கோடையில் இடைக்கிடை பெய்யும் சிறுமழையை நம்பி முளைக்கும் கன்று அடுத்த வெயிலிலேயே கருகிவிடும் என்பதால், ஐப்பசியில் வலுக்கும் வடகீழ்ப் பருவமழை வரை பொறுத்திருக்கும் இயல்பு உலர்வலய மரங்கள் பலவற்றுக்கு உயிர்காக்கும் இயல்பாகும். அப்பொறுமையை ஆள்பவை, எந்தப் புரதத்தை எப்போது ஆக்க வேண்டும் என்ற பரம்பரைக் கட்டளைகளாகிய மரபணுக்களே.

தாய்மரத்தில் விதை முற்றும்போது அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன் அதில் சேர்ந்து, விதைக்குள் இருக்கும் இளந்தாவரமாகிய முளையத்தின் வளர்ச்சியை நிறுத்துகிறது. இதற்கு எதிராகச் செயற்படுவது ஜிபரெலின் என்ற ஓமோன். நீரை உறிஞ்சிய விதையில் அது பெருகும்போது, வளர்ச்சியைத் தடுத்து நிற்கும் டெல்லா புரதங்கள் சிதைந்து, சேமிப்புணவைக் கரைக்கும் நொதியங்களுக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்க, முளைவேர் வித்துறையைத் துளைத்து வெளிவருகிறது. விதை முளைக்காது காத்திருக்கும் இவ்வுறக்கத்தின் ஆழத்தை நிர்ணயிக்கும் டொக் 1 என்ற மரபணு 2006 இல் அரபிடாப்சிஸ் என்னும் சிறு பூண்டில் இனங்காணப்பட்டது. வெவ்வேறு இடங்களில் வளரும் அப்பூண்டின் விதைகள் வெவ்வேறு காலம் உறங்குவதற்கு இம்மரபணுவின் வேறுபாடுகளும் காரணமாகும். அதே ஆண்டில் பொப்லர் மரத்தின் மரபணுத்தொகுதியும், 2012 இல் பெங்களூரு ஆய்வாளர்களால் வேம்பினதும், 2018 இல் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தாரால் தேக்கினதும் வெளியிடப்பட்டதால், இவ்வாய்வு மரங்களுக்கும் விரிந்தது.

முளைத்த கன்று மண்ணுக்கடியில் இருக்கும்வரை தண்டை நீட்டும் மரபணுக்களே மேலோங்கி நிற்க, பைற்றோகுரோம் என்னும் ஒளியுணர் புரதம் வெளிச்சத்தை அறிந்ததும் அவை அடங்கி, பச்சையத்தை ஆக்கும் மரபணுக்கள் இயங்குகின்றன. பூண்டுகளைப் போல் சில வாரங்களில் பூத்துவிடாமல், மரக்கன்று பல ஆண்டுகள் இளமையில் நின்று வேரையும் தண்டையும் வலுப்படுத்த வேண்டியிருப்பதால், பூக்கும் பருவத்தை நோக்கித் தள்ளும் மரபணுக்களை மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 என்ற மிகச்சிறு மூலக்கூறு அடக்கி வைக்கிறது.

நாற்றுமேடையில் விதைக்கேற்ப முறை மாறுவதும் விதையுறக்கம் மரத்துக்கு மரம் வேறுபடுவதாலேயே. வேப்பம் விதை நெடுநாள் உறங்குவதில்லை, உயிர்ப்பையும் விரைவில் இழந்துவிடுகிறது. ஆகவே பழம் பொறுக்கிய சில நாட்களுக்குள் அதை விதைக்க வேண்டும். நீர் புகாத வித்துறையுடைய கொன்றை விதையை உரசியோ சுடுநீரில் இட்டோ திறக்க வேண்டும். தேக்கங்காயை நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவதைப் பல நாட்கள் மாறிமாறிச் செய்ய வேண்டும். வித்துறை தாய்மரத்தின் இழையத்தாலேயே ஆனது. ஆதலால் அதன் கடினத்தில் தாய்மரத்தின் மரபணுக்களுக்கே முதன்மையான பங்குண்டு.

போராலும் பின்னர் நடந்த காடழிப்பாலும் மரமிழந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நிலங்களில் மரநடுகையை மேற்கொள்வோர், எந்த மரம் என்பதோடு எந்தத் தாய்மரத்தின் விதை என்பதையும் கருத வேண்டும். தலைமுறைகளாக இம்மழைக்கும் வரட்சிக்கும் தாக்குப்பிடித்த வன்னியின் பாலையும் முதிரையும் வீரையும் தரும் விதைகளைத் திரட்டிக் காப்பதும், அவற்றின் உறக்கத்தை அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற இடங்களில் ஆராய்வதும் இந்நிலத்துக்கு உடனடியாகத் தேவையான பணிகளாகும்.