சேக்கலும் கிராமும்

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலத்தில், காவற்கூடத்து முற்றத்தில் அடைபட்டுக் கிடந்த எரேமியா தீர்க்கதரிசி, தம் உறவினன் அனாமெயேலிடமிருந்து ஆனதோத்து ஊரில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கி, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி முத்திரையிட்டு, பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார் என்று அவர் பெயரால் வழங்கும் ஆகமம் கூறுகிறது. நாணயம் அங்கே பரவாத அந்நாளில் வெள்ளியைத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் இட்டு, எதிர்த்தட்டில் எடைக்கல்லை வைத்து நிறுப்பதே வழக்கமாகையால், சேக்கல் என்பது அப்போது காசாக இராமல் எடையாகவே இருந்தது.

அந்தப் பதினேழு சேக்கல் இன்றைக்கு எத்தனை கிராம்? இதற்கு வேதநூலில் விடை தேடினால், ஓர் அளவை மற்றோர் அளவைக்கொண்டு விளக்கும் வாய்பாடுதான் கிடைக்கும்: இருபது கேரா ஒரு சேக்கல், ஒரு பெக்கா அரைச் சேக்கல். தாலந்தைப் பற்றி நேரடியான சூத்திரம் இல்லையெனினும், யாத்திராகமத்தின் 38ஆம் அதிகாரம் கணக்குப்பிள்ளையின் பேரேடுபோல ஒரு தொகையைத் தருகிறது. தலைக்கு அரைச் சேக்கல் வீதம் 6,03,550 பேர் கொடுத்த வெள்ளி, 100 தாலந்தும் 1,775 சேக்கலும் ஆயிற்றாம். ஆட்தொகையைப் பாதியாக்கினால் 3,01,775; அதில் 1,775ஐக் கழித்து நூறால் வகுத்தால், தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று மிச்சமின்றி விடை வருகிறது.

ஆயினும், இவற்றுள் ஏதேனும் ஒன்றின் எடை தெரிந்தாலன்றி மற்றவை யாவும் அந்தரத்தில்தான் நிற்கும். அந்த ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. லாகீசு, ஆராத், எருசலேம் முதலிய ஊர்களின் அகழ்வில், அடி தட்டையாகவும் தலை குவிந்தும் செதுக்கப்பட்டு, உச்சியில் சேக்கலின் குறியும் எண்ணும் பொறித்த சிறு சுண்ணாம்புக் கற்கள் பல வெளிப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. அவற்றைத் திரட்டி ஆராய்ந்த ராஸ் கிளெட்டர், ஒரு சேக்கலின் சராசரியை 11.33 கிராம் என்று கணித்தார். மேற்குச் சுவரருகே கிடைத்ததாக 2020இல் அறிவிக்கப்பட்ட இரண்டு சேக்கல் கல் 23 கிராம் நிறுத்தது.

அக்கற்களின் எண்கள் ஆராய்ச்சியாளரைச் சற்றே அலைக்கழித்தன. நான்கு சேக்கல் நிறுக்கும் கல்லில் ஐந்து என்றும், எட்டு சேக்கல் கல்லில் பத்து என்றும் எகிப்திய எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன. இது கல்தச்சனின் பிழையன்று. எகிப்தின் தெபென் ஏறத்தாழ 91 கிராம். அது பத்து கிதெத் கொண்டது. எட்டு சேக்கலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே ஒரே கல்லைக்கொண்டு யூதேயனும் எகிப்தியனும் தத்தம் கணக்கில் வியாபாரம் பேசியிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுவர். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

எல்லாம் இவ்வளவு சீராக ஒத்துவரவில்லை. பாதிச் சேக்கல் 5.67 கிராமாக இருக்கவேண்டியிருக்க, பெக்கா என்று பெயர் பொறித்த கற்கள் ஆறு கிராமுக்குச் சற்று மேலாகவே நிற்கின்றன. கல் தேயும், விளிம்பு உடையும், செதுக்கியவன் கையும் தவறும். ஆதலால் கோலியாத்தின் 5,000 சேக்கல் வெண்கலக் கவசத்தை 56.65 கிலோ என்று தசமத்தோடு எழுதுவது கல்லிடம் இல்லாத நுட்பத்தை அதன்மேல் ஏற்றுவதாகும். ஏறத்தாழ 57 கிலோ என்பதே நேர்மை. அவ்வாறே தாலந்து 34 கிலோ. எரேமியாவின் வெள்ளி 190 கிராமுக்குச் சிறிது கூடுதல்.

இதில் ஒரு சௌகரியமும் உண்டு. பூமியின் ஈர்ப்பு தராசின் இரு தட்டுகளையும் ஒருங்கே இழுப்பதால், அக்கருவி ஒப்பிட்டுக் காட்டுவது பௌதிக நூலார் நிறை என்று சொல்லும் பொருளின் அளவையே. சாக்கடற்கரையில் நிறுத்தாலும் எருசலேம் மலைமேல் நிறுத்தாலும் முடிவு ஒன்றுதான். எனவே சேக்கலைக் கிராமாக மாற்ற ஈர்ப்புக்கென்று திருத்தம் ஏதும் வேண்டியதில்லை. கிலோகிராமும் 1889 முதல் பாரிசுக்கு அருகே செவ்ரில் பூட்டிக் காக்கப்பட்ட ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளையாகவே இருந்து, 2019 மே 20 அன்றுதான் பிளாங்க் மாறிலியைச் சார்ந்த வரையறைக்கு மாறிற்று.

காலத்தை மறந்து பெருக்குவதே இக்கணக்கில் பெரிய அபாயம். இயேசுவின் நாளில் தேவாலய வரிக்குக் கொடுத்த அரைச் சேக்கல், தீரு நகரத்து வெள்ளி நாணயத்தால் செலுத்தப்பட்டது. அந்நாணயத்தின் முழுச் சேக்கல் ஏறத்தாழ 14 கிராம். பேதுரு பிடித்த மீனின் வாயில் இருந்த வெள்ளிப்பணம் அவருக்கும் இயேசுவுக்குமாக இருவர் வரிக்கும் போதுமானது என்று மத்தேயு எழுதுவதால், அது அந்த 14 கிராம் சேக்கலுக்கு ஈடான நாணயமாகத்தான் இருந்திருக்கவேண்டும், 11.33ஐக்கொண்டு அதை நிறுத்தல் ஆகாது.