தொட்டிக் கடலின் சுண்ணாம்புக் கணக்கு

வண்ண மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வீடுகளில் காணப்படுபவை பெரும்பாலும் நன்னீர்த் தொட்டிகள். வாரம் ஒரு முறை நீரை மாற்றி, அளவோடு தீனி போட்டால் போதும். மீன்கள் நலமாக இருக்கும்.

ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் சிலர் இதைவிடக் கடினமான ஒரு வேலையை விரும்பி மேற்கொள்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் நூறு அல்லது இருநூறு லிட்டர் உப்புநீரை நிரப்பி, அதில் உயிருள்ள பவளத்தை வளர்க்கிறார்கள். கழுத்து மாலையில் கோக்கும் சிவப்புப் பவளம் அல்ல இது. வெப்பக் கடல்களில் திட்டுத் திட்டாகப் பாறை எழுப்பும் பவள உயிரி.

இவர்கள் மீனைக் கவனிப்பதைவிட நீரைக் கவனிப்பதுதான் அதிகம். அந்த நீரின் கணக்கு என்ன? அதைப் புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்பு வேதியியலே போதும். வாருங்கள், பார்ப்போம்.

பவளம் கட்டும் வீடு

பவள உயிரி மென்மையான உடலும், வாயைச் சுற்றி இழைகளும் கொண்ட ஒரு சிறு விலங்கு. அதன் திசுவுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் இவை ஒளிச்சேர்க்கை செய்து, தயாரித்த உணவில் பெரும் பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். அந்த வலுவைக் கொண்டு பவளம் தன் அடியில் கல்வீடு கட்டுகிறது. கட்டும் பொருள் கால்சியம் கார்பனேட். நத்தை ஓடும், சலவைக்கல்லும் இதே பொருள்தான்.

கல்லுக்கு வேண்டிய மூலப்பொருள் இரண்டும் கடல்நீரில் கரைந்திருக்கின்றன. ஒன்று கால்சியம் அயனி, மற்றொன்று பைகார்பனேட் அயனி. ஒரு கால்சியமும் இரண்டு பைகார்பனேட்டும் சேர்ந்தால் ஒரு கால்சியம் கார்பனேட் உண்டாகும்; கூடவே நீரும் கரியமில வாயுவும் வெளிவரும். இந்த ‘ஒன்றுக்கு இரண்டு’ என்ற விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது நமக்குப் பயன்படும்.

இரண்டு பைகள்

இனி ஒரு சிறு கணக்கு. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 0.42 கிராம் கால்சியமும், 0.14 கிராம் பைகார்பனேட்டும் உள்ளன. ஆகவே 100 லிட்டர் தொட்டியில் 42 கிராம் கால்சியமும் 14 கிராம் பைகார்பனேட்டும் இருக்கும். இவற்றை இரண்டு பணப்பைகள் என்று வைத்துக்கொள்வோம்.

தொட்டியிலுள்ள பவளங்கள் நாளொன்றுக்கு ஒரு கிராம் கல் கட்டுவதாகக் கொள்வோம். அணு எடைகளை வைத்துக் கணக்கிட்டால், அதற்கு 0.4 கிராம் கால்சியமும் 1.2 கிராம் பைகார்பனேட்டும் செலவாகும் என்று தெரியும்.

முதல் பையில் 42 இருந்தது, போனது 0.4, அதாவது நூற்றில் ஒரு பங்கு. இரண்டாவது பையில் 14 இருந்தது, போனது 1.2, அதாவது நூற்றில் ஏறக்குறைய ஒன்பது பங்கு! இதே வேகத்தில் செலவு நடந்தால் ஒரு வாரத்தில் இரண்டாவது பை பாதிக்கு மேல் காலியாகிவிடும். முதல் பையில் நூற்றுக்கு ஏழு பங்குகூடக் குறைந்திருக்காது.

பவளத்துக்குக் கால்சியம் தேவை என்பது எல்லாருக்கும் உடனே தோன்றும். ஆனால் முதலில் தீர்ந்துபோவது பைகார்பனேட்டே. அது குறையக் குறையப் பவளத்தின் வளர்ச்சி தளரும். நிலைமை நீடித்தால் திசு சுருங்கி, வெள்ளைக் கல் வெளியே தெரியத் தொடங்கும்.

இரண்டாவது பைக்கு வேறு செலவும் உண்டு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அது நஞ்சு. பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத்தின்போது சிறிது அமிலம் உண்டாகிறது. அமிலம் பைகார்பனேட்டில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

எனவே பவளம் வளர்ப்பவர் அடிக்கடி தொட்டி நீரைச் சோதிக்கிறார். சிறு குப்பியில் நீரை எடுத்து, நிறங்காட்டி சேர்த்து, நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை சொட்டு என்று எண்ணுகிறார். மேல்நிலை வகுப்பில் பியூரெட்டை வைத்து நீங்கள் செய்யும் தரம் பார்த்தல் சோதனையும் இதுவும் ஒன்றே.

சுண்ணாம்பு நீர் வந்த கதை

குறைந்ததை ஈடு செய்வது எப்படி? 1970-களில் பீட்டர் வில்க்கன்ஸ் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய முறை மிக எளிமையானது. ‘கால்க்வாஸர்’ என்று அதற்குப் பெயர். ஏதோ புது மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். ஜெர்மன் மொழியில் அதற்குச் சுண்ணாம்பு நீர் என்றே பொருள். நம் பள்ளிச் சோதனைச்சாலை அலமாரியில் இருக்கும் அதே தெளிந்த சுண்ணாம்பு நீர்!

சுண்ணாம்பு நீர் என்பது கால்சியம் ஹைட்ராக்சைடின் கரைசல். அது தொட்டியில் விழுந்ததும், அங்கே கரைந்திருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து ஒரு கால்சியமும் இரண்டு பைகார்பனேட்டும் தருகிறது. பவளம் எந்த விகிதத்தில் எடுத்ததோ அதே விகிதத்தில் இரண்டு பைகளும் நிரம்புகின்றன.

ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் சுண்ணாம்புதான் கரையும். நம் கணக்குப்படி ஒரு கிராம் கல்லுக்கு ஈடுகட்ட அரை லிட்டர் சுண்ணாம்பு நீர் போதும்.

ஆனால் இதை ஒரேயடியாக ஊற்றிவிடக் கூடாது. சுண்ணாம்பு நீரின் பிஎச் மதிப்பு 12-க்கும் மேல். கடல்நீரின் பிஎச் சுமார் 8.1. மொத்தமாக ஊற்றினால் தொட்டி பால் போல் வெளுத்து, கரைந்திருந்த சுண்ணாம்பும் வீணாக அடியில் படிந்துவிடும். ஆகவே சொட்டுச் சொட்டாக, அதுவும் இரவில் விடுகிறார்கள். இரவில் ஏன்? பாசிகளுக்கு ஒளிச்சேர்க்கை இல்லாத நேரம் அது. எல்லா உயிர்களும் சுவாசித்து விடும் கரியமில வாயு நீரில் மிகுந்து, பிஎச் இறங்கியிருக்கும். சுண்ணாம்பு நீர் அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு பிஎச்சை உயர்த்திவிடும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. தொட்டியிலிருந்து நீர் நாள்தோறும் ஆவியாகிறது. ஆனால் உப்பு ஆவியாவதில்லை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் 35 கிராம் உப்பு உண்டு. நூறில் பத்துப் பங்கு நீர் போய்விட்டால் அது 39 கிராமை எட்டிவிடும். உப்புத் தொட்டிதானே என்று உப்புநீரை ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆவியானதற்கு ஈடாக நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்த நல்ல நீரையே சுண்ணாம்பு நீராக ஊற்றினால் ஒரே வேலையில் இரு பயன்கள்.

மக்னீசியத்தின் பங்கு

உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். கடல்நீரில் கரைந்த சுண்ணாம்பு அவ்வளவு மிகுதியாக இருந்தால், அது தானாகவே ஏன் படிந்துவிடவில்லை? நல்ல கேள்வி. கடலின் மேற்பரப்பு நீர் சுண்ணாம்பைப் பொறுத்தவரை மிகைபூரிதக் கரைசல்தான். ஆனால் கால்சியத்தைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள மக்னீசியமும் அதில் இருக்கிறது. வளரத் தொடங்கும் சுண்ணாம்புப் படிகத்தின் மேல் மக்னீசிய அயனிகள் ஒட்டிக்கொண்டு வளர்ச்சிக்குத் தடை போடுகின்றன. எனவே தொட்டியில் மக்னீசியத்தின் அளவும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனைக் குழாயில் பார்ப்போம்

இனி ஒரு சோதனை. ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு பங்கும் காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கும் கலந்து ஒரு குழாயில் எடுத்துக்கொள்ளுங்கள். சலவைக்கல் துண்டுகளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கரியமில வாயு வரும். அதைக் குழாய்க்குள் செலுத்துங்கள்.

முதலில் நீர் பால் போல் மாறும். கால்சியம் கார்பனேட் தோன்றிவிட்டது. பலரும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்த வேண்டாம். வாயுவைத் தொடர்ந்து செலுத்துங்கள். வெண்மை மெல்ல மெல்ல மறைந்து, நீர் மறுபடியும் தெளியும். பிறந்த கல், கூடுதலான கரியமில வாயுவால் மீண்டும் கரைந்துவிட்டது!

பவளம் கல் கட்டும் வினையைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது இதுவே. வாயு மிகுந்தால் பைகார்பனேட்டும் மிகுமே, அது பவளத்துக்கு நல்லதல்லவா என்று கேட்கலாம். இல்லை. அந்தப் பைகார்பனேட் நீரிலுள்ள கார்பனேட்டை அழித்துத்தான் பிறக்கிறது. கார்பனேட் குறைந்த நீரில் கல் படிவது கடினம்.

பவளம் வளர்ப்போர் இதை வீட்டிலேயே காண்கிறார்கள். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் சன்னல்களை இறுக மூடிவைப்பார்கள். மனிதர் விடும் மூச்சால் அறையில் கரியமில வாயு கூடும். தொட்டியின் பிஎச் இறங்கும். சன்னலைச் சற்றே திறந்துவைத்தால் போதும், பிஎச் தானே ஏறிவிடும்.

பெரிய தொட்டி

இதே சோதனை மிகப் பெரிய தொட்டி ஒன்றிலும் நடந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ‘பயோஸ்பியர் 2’ என்ற மாபெரும் கண்ணாடிக் கூடம் 1991-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குள் சுமார் 26 லட்சம் லிட்டர் நீர் கொண்ட ஒரு செயற்கைக் கடலும், அதில் பவளத்திட்டும் இருந்தன. கிறிஸ் லாங்டன் என்ற அறிவியலாரும் அவருடைய குழுவினரும் அந்த நீரின் வேதியியலைச் சில ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பார்த்து, முடிவை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கார்பனேட் குறைந்தபோது கல் படியும் வேகம் குறைந்தது; கூடியபோது வேகமும் கூடியது.

இப்போது உண்மைக் கடலை எண்ணிப் பாருங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியிடும் வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல் மேற்பரப்பின் பிஎச் சுமார் 0.1 இறங்கியிருக்கிறது. 0.1 என்பது சிறிய எண்தானே என்று எண்ண வேண்டாம். பிஎச் என்பது மடக்கை அளவு. 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்குச் சற்று மேல் கூடிவிட்டன என்று பொருள்.

அறைக்குச் சன்னல் இருக்கிறது. பூமிக்கு அப்படித் திறந்துவிட ஒரு சன்னல் இல்லை. கடல் முழுவதற்கும் சுண்ணாம்பு நீர் சொட்டுவிடவும் நம்மால் இயலாது. வாயுவைக் குறைப்பதுதான் வழி.

நம் கடலில்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பாக்கினார்கள். 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. 2001 முதல் பாறை எழுப்பும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. ஆகவே கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது ஒரு சிறு துண்டையும் உடைத்து எடுத்துவராதீர்கள். தொட்டி வைக்காமலேயே அதன் வேதியியலைச் சோதனைக் குழாயில் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

உங்களுக்கு ஒரு கணக்கு

200 லிட்டர் தொட்டி ஒன்றில் பவளங்கள் நாளொன்றுக்கு 3 கிராம் கல் கட்டுகின்றன. நாளொன்றுக்கு ஆவியாகும் நீர் 1 லிட்டர். சுண்ணாம்பு நீரால் மட்டும் கணக்கை நேர்செய்ய முடியுமா?

விடை: முடியாது. தேவை ஒன்றரை லிட்டர். தொட்டியில் இடமிருப்பதோ ஒரு லிட்டருக்குத்தான். மீதி ஒரு கிராமுக்கு வேண்டிய கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கால்சியம் குளோரைடு, சமையல் சோடா ஆகிய இரண்டின் கரைசல்களாகத் தனித்தனியே சேர்க்க வேண்டும். ஏன் தனித்தனியே? இரண்டையும் ஒரே குப்பியில் கலந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.