படகின் வயிற்றுக்குள் ஒரு பலகை

வையம்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஃபைபர் படகின் சூட்சுமம் புரிய, திண்டுக்கல் சாலையில் ஓடும், கரூரில் பாடி கட்டிய பஸ் போதும். பஸ்ஸுக்கு முதலில் இரும்புச் சட்டம், பிறகு தகடு. படகில் எல்லாம் தலைகீழ்: முதலில் தோல், அப்புறம்தான் எலும்பு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் நின்ற தமிழகக் கரைகளில் ஏராளமாக வந்து சேர்ந்தவை இந்த ஃபைபர் படகுகள்தான். அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை (மேட்) விரித்து, ரெசின் தடவி, காற்றுக் குமிழி போக உருளையால் உருட்டி, அடுக்கடுக்காக ஏற்றினால் கூடு தயார். கூடு சுலபத்தில் உடையாது, ஆனால் வளையும். அச்சிலிருந்து வெறுமனே தூக்கினால் பக்கங்கள் அகன்றுவிடும். அதனால் கூடு அச்சுக்குள் இருக்கும்போதே குறுக்குப் பலகைகளைப் பொருத்திவிடுவது நல்லது.

வீட்டில் படகு கட்டுபவர் தடுமாறும் இடமும் இதுதான். கதவு நிலை போல இறுக்கமாகப் பொருந்தினால்தான் பலம் என்று தோன்றும். உண்மையில், பலகைக்கான பிளைவுட்டின் கூர்விளிம்பு கூட்டை முட்டக்கூடாது. முட்டினால், அலை அடிக்கும்போதெல்லாம் கூடு அந்த ஒரே கோட்டில் மடங்கி மடங்கி, கடைசியில் விரிசல் விடும்.

முதலில் அட்டையை வளைவுக்கேற்ப வெட்டி வைத்துப் பார்க்க வேண்டும். அதை அளவாக வைத்து மரைன் பிளைவுட்டை வெட்டும்போது, விளிம்பைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் குறைத்து, அந்த இடைவெளியில் ஃபோம் பட்டை வைக்க வேண்டும். மூலையைப் புட்டியால் குழிவாக வழிக்க வேண்டும்; கண்ணாடி இழை செங்கோணத்தில் மடங்காது. மேலே ஒன்றைவிட ஒன்று அகலமான மேட் பட்டைகள், பலகையின் இரு பக்கமும். கூடு முன்பே இறுகியிருந்தால் பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து அசிட்டோனால் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பட்டை பிறகு உரிந்து வரும்.

குறுக்குப் பலகைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கட்டுமரத்துக்கு மரமே மிதவை. ஃபைபரோ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கவிழ்ந்து நீர் நிறைந்தால் மூழ்கும். பலகைகளுக்கு இடையே அடைக்கப்பட்ட அறைகள்தான் அதைத் தாங்குகின்றன. அங்கே தெர்மோகோல் வைத்து மேலே பாலியஸ்டர் ரெசினை ஊற்றினால், ரெசினிலுள்ள ஸ்டைரின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் ஃபோம் கரையாது.

மிதவை அறை அல்லாத இடங்களில், தேங்கும் நீர் வடிய பலகையின் அடியில் சிறு துளை போடுவார்கள். துளையின் வெட்டு விளிம்பில் ரெசின் பூச மறந்தால், பிளைவுட் ஊதத் தொடங்குவது அங்கிருந்துதான்.