உணவினுள் மறைந்த மருந்தும் பொன் நுண்துகளும்

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றிருப்பினும், அதன் பாக்களுட் பல உணவின் அளவினையே உணர்த்துவன. உணவே மருந்தாதல் அந்நெறி; உண்பார் அறியாமல் உணவினுள் மருந்து கலந்திருத்தல் இக்கால இடர்.

கறவைமாடு பேணும் உழவர் மிக்க திருவண்ணாமலை மாவட்டத்திற்கு இஃது அயற்செய்தியன்று. மடிவீக்க நோயுற்ற மாட்டிற்கு நுண்ணுயிர்க்கொல்லி இடுங்கால், அம்மருந்து உடலினின்று நீங்குங்காறும் பாலை விற்றலாகாது. அந்நாள்களின் இழப்பைப் பொறாதவிடத்து, மருந்தெச்சம் பாலிற் சேர்கின்றது. காய்ச்சுதலால் அது முற்றும் நீங்குவதன்று. 2018 இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் ஆய்ந்த 6,432 பால் மாதிரிகளுள் 77 இல் எச்சம் வரம்பு மீறியிருந்தது. குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் ஆகியவற்றை உணவிற்கென வளர்க்கும் உயிர்களுக்கு இடுதலை 2025 மார்ச்சுத் திங்களில் நடுவணரசு தடை செய்தது.

தடையினும் அரிது கண்டறிதல். குளோரம்பெனிக்காலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொண்ட நடவடிக்கை எல்லை, கிலோகிராமுக்கு 0.15 மைக்ரோகிராம். நம் முன்னோர் வழங்கிய கீழ்முந்திரி 1/1,02,400 ஆகும்; இவ்வளவோ அதனினும் ஏறத்தாழ 65,000 மடங்கு சிறிது.

ஈண்டு உதவுவது நானோ உணரி. 'நானோ' என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. நம் 'குறள்' என்னும் சொல்லும் அப்பொருள் தருதல் ஒப்புநோக்கத் தக்கது. நீரில் தனித்தனியே மிதக்கும் பொன் நுண்துகள்கள் செந்நிறம் காட்டும், ஒன்றுகூடின் நீலமாகும். ஒருவகை உணரியில், குறித்த மருந்தைப் பற்றவல்ல டி.என்.ஏ. இழைகள் துகள்களைப் போர்த்து, உப்பினாற் கூடாவண்ணம் காக்கின்றன. மருந்து உளதாயின் இழைகள் பொன்னை விட்டு அதனைப் பற்றும். காப்பிழந்த துகள்கள் உப்பிட்டவுடன் கூடி நீலமாகும். நிறமாற்றத்தைக் கண்ணே காணும்.

எனினும் பாலின் கொழுப்பும் புரதமும் இதற்கு இடையூறு செய்யும். ஆதலின் முன்னரே அவற்றை நீக்கல் வேண்டும். நீலம் தோன்றியவழியும் ஆய்வுக்கூடத்துப் பொருண்மை நிறமாலைமானியால் உறுதி செய்தலே முறை.

செம்மை மாறாமையும் 'மருந்து இல்லை' எனப் பொருள்படாது. 'இவ்வுணரி காணும் எல்லைக்குள் தென்படவில்லை' என்பதே அதன் பொருள். இவ்வேறுபாட்டைப் பால் கறப்போரும் பருகுவோரும் உணருமாறு தெளிதமிழிற் கூறாவிடின், நற்கருவியும் பொய்ச்சான்றாய் முடியும். கலைச்சொல் ஆக்குவோர் இவ்விரு தொடரையும் பிரித்து நிறுத்தல் இன்றியமையாததாகும்.