தன்னை மாற்றிக்கொள்ளும் சில்லு

ஈரக் களிமண்ணை எந்த வடிவமாகவும் வனையலாம். சூளையில் சுட்டபின் அதன் வடிவம் மாறாது. கணினிச் சில்லுகளுள் பெரும்பாலானவை சுட்ட மண்ணைப் போன்றவை. தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட மின்சுற்று இறுதிவரை மாறாது.

ஒரே பணிக்கென அமைந்த சில்லு விரைவாக இயங்கும். பிற பணிக்கு உதவாது. பொதுச் செயலி பல பணிகளுக்கும் உதவும். ஆனால், கட்டளைகளைப் படித்துப் படித்துச் செய்வதால் விரைவு குறையும். இவ்விரண்டு நன்மைகளையும் இணைக்க, 1960இல் அமெரிக்க அறிஞர் ஜெரால்டு எஸ்ட்ரின் ஒரு வழி கூறினார். கணினியின் ஒரு பகுதி நிலையாகவும் மற்றொரு பகுதி மாறத்தக்கதாகவும் இருக்கலாம் என்பதே அது.

1985இல் சைலிங்ஸ் நிறுவனம் அத்தகைய மாறத்தக்க சில்லு ஒன்றை வெளியிட்டது. அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. இவ்வகைச் சில்லு 'எஃப்.பி.ஜி.ஏ.' எனப்படும். ஒவ்வொரு கட்டமும் என்ன செய்யவேண்டும், எக்கட்டம் எதனோடு இணையவேண்டும் என்பவற்றை நினைவகத்திலுள்ள 0, 1 என்னும் குறிகளே முடிவு செய்கின்றன. குறிகளை மாற்றினால் மின்சுற்றே மாறிவிடும்.

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. இறங்குவதற்கு ஏறத்தாழ 7 நிமிடங்களே ஆயின. அங்கிருந்து செய்தி புவியை அடையவோ அன்று 11 நிமிடங்களுக்கு மேலாயிற்று. ஆகவே மனிதர் வழிகாட்ட இயலாது. கேமரா எடுத்த படங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஊர்தி தானே பாதுகாப்பான இடத்தைத் தேர்ந்தது. அப்படங்களை விரைந்து ஆராய இத்தகைய சில்லே துணைநின்றது. தரையிறங்கியதும் அப்பணி முடிந்தது. பின்னர் அதே சில்லு மறுநிரலாக்கம் பெற்று, கற்களுக்கிடையே ஊர்தி வழிகண்டு செல்ல உதவியது.

மாறும் இயல்பில் இடரும் உண்டு. விண்வெளிக் கதிர்வீச்சு நினைவகத்தின் 0ஐ 1ஆகத் திரித்தால் மின்சுற்றே பிழையாகிவிடும். எனவே விண்கலங்களுக்குக் கதிர்வீச்சைத் தாங்கும் சில்லுகளைத் தனியே உருவாக்குகின்றனர். பழுது நீக்க யாரும் செல்லவியலாத தொலைவில், களிமண்ணின் நெகிழ்வும் சுட்ட பானையின் உறுதியும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

அருஞ்சொற்பொருள்
வனைதல் – மண்கலம் செய்தல்
இடர் – துன்பம்
நெகிழ்வு – இளகும் தன்மை

வினாக்கள்
1. பொதுச் செயலியின் நிறை, குறைகள் யாவை?
2. பெர்சிவரன்ஸ் இறங்கும்போது மனிதர் ஏன் வழிகாட்ட இயலவில்லை?
3. களிமண் உவமை எஃப்.பி.ஜி.ஏ. சில்லுக்கு எவ்வாறு பொருந்துகிறது?