பெரிய கோவிலுக்கு வயசு ஆயிரம்... பக்கத்து ஆத்துக்கு நூறுகூட ஆகல! செல்போன் சினிமாவில் பாடம் படிப்பது எப்படி?

தஞ்சாவூர்:-

"செல்போன நோண்டாதே, புஸ்தகத்த எடு." டெல்டா மாவட்டங்களில் விளக்கு வைக்கிற நேரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் நாலு வீட்டிலாவது இந்தச் சத்தம் கேட்கும். அதே செல்போனை வைத்து பிள்ளைகளே சினிமா எடுத்து பாடம் படிக்கலாம் என்றால் எந்த அம்மா நம்புவார்? ஆனால் அரசுப் பள்ளிக்குள் சினிமா நுழைந்து சில வருஷம் ஆகிவிட்டது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

சிவப்பு பலூன்

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் தமிழக பள்ளிக்கல்வித்துறை, அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கியது. 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவ-மாணவிகளுக்கு மாதம் ஒரு படம் என்பது திட்டம். முதலில் போட்ட படம் 'தி ரெட் பலூன்'.

இது 1956-ல் பிரான்சில் ஆல்பர்ட் லாமொரிஸ் எடுத்த 34 நிமிடப் படம். பாரிஸ் தெருவில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஒரு சிவப்பு பலூன் நாய்க்குட்டி மாதிரி சுற்றி வரும். வசனம் ஏறக்குறைய கிடையாது. ஆனாலும் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருது வாங்கியது. பேச்சே இல்லாத படத்துக்கு எழுத்து விருதா என்று கேட்கலாம். எதை முதலில் காட்டுவது, எதை அப்புறம் காட்டுவது என்று முடிவு செய்வதுதான் அங்கே எழுத்து.

படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைப்பற்றி பேச வேண்டும், எழுத வேண்டும். நன்றாகச் செய்பவர்களுக்கு மாநில அளவு வரை போட்டி, ஜெயித்தால் வெளிநாட்டுப் பயணம் என்றும் அறிவித்தார்கள்.

நம்ம ஊருக்குப் புதுசா?

கதை சொல்லிப் புரிய வைப்பது தஞ்சாவூருக்குப் பழக்கமான விஷயம்தான். 19-ம் நூற்றாண்டில் கதாகாலட்சேபத்தை வளர்த்து பேர் வாங்கியவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். சினிமாவும் தூரத்துச் சொந்தம் இல்லை. 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகப் போய் கூடாரம் போட்டு படம் காட்டினார்.

ஆனால் பார்ப்பது வேற, எடுப்பது வேற. 2019 ஆகஸ்ட் 26-ந் தேதி கல்வி தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த வருஷமே கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்தபோது அதுதான் பல வீடுகளில் வாத்தியார். உதவியாகத்தான் இருந்தது. ஆனால் புரியாத இடத்தில் கை தூக்கினால் டி.வி. திரும்பிப் பார்க்காது. பையன் பாதியில் எழுந்து விளையாடப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்.

படம் எடுக்கிற பிள்ளை அப்படி நழுவ முடியாது. தனக்கே புரியாததை அடுத்தவனுக்கு 3 நிமிடத்தில் காட்ட முடியுமா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட் என்பவரும் நண்பர்களும் 1990-களில் இதைத்தான் பயிற்சியாக சொல்லிக் கொடுத்தார்கள். சினிமா தெரியாத சாதாரண ஜனங்கள், வீட்டில் இருக்கும் பழைய போட்டோக்களை வரிசையாக வைத்து, சொந்தக் குரலில் கதை சொல்லி, சில நிமிடப் படமாக ஆக்க வேண்டும். இந்த முறை பிறகு பல நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போனது.

புதாறு ஏன் புது ஆறு?

ஒரு உதாரணம். தஞ்சை பெரிய கோவிலை ஒட்டி ஓடுவதை ஊரே 'புதாறு' என்கிறது. ஏன் புது ஆறு என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய்தான் அது. அணை திறந்தது 1934-ல். கோவில் கட்டி முடித்தது 1010-ல். கோவிலுக்கு வயசு ஆயிரம் தாண்டியாச்சு, பக்கத்து ஆத்துக்கு இன்னும் நூறு ஆகவில்லை!

இந்த ஒரு வரியே படத்தின் முதல் காட்சி. கேமரா கோபுரத்தில் இருந்து மெல்ல இறங்கி தண்ணீரில் வந்து நிற்க வேண்டும். அடுத்து, தெருவில் வயசான தாத்தா ஒருவர். தன் அப்பா சொல்லக் கேட்டதை சொல்வார். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் காவிரித் தண்ணீர் எட்டாத ஊர்களுக்கு இந்த ஆறு வந்த கதை அது. தாத்தா சொல்லும் வருஷம் சரியா என்று பாடப்புத்தகத்தில் பிள்ளை தேடும். அங்கே வரலாற்றுப் பாடம் முடிந்தது.

அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும். கல்லணைக்கு வர மூன்று நாலு நாள். அப்படியானால் மணிக்கு எத்தனை கிலோ மீட்டர்? இது கணக்கு. பாட்டியிடம் மைக்கை நீட்டினால் ஏற்றம், பத்தாயம், குதிர், களம் என்று வார்த்தை கொட்டும். இது தமிழ். நடவு மெஷின் வந்தபிறகு வயலில் நடவுப் பாட்டு குறைந்துபோச்சு. பாடத் தெரிந்த பாட்டிகள் இருக்கும்போதே பதிவு செய்தால்தான் உண்டு. பரீட்சை மார்க்கைவிட அவசரமான வேலை இது.

எடுப்பது எப்படி?

முதலில் செல்போனை தொடக்கூடாது. கதையை பத்து வரியில் எழுதி, நோட்டில் பெட்டி பெட்டியாக காட்சிகளை வரைய வேண்டும். இதற்கே ரெண்டு வாரம் ஆகலாம், ஆகட்டும். படப்பிடிப்புக்கு ஒரு நாள் போதும்.

செல்போனை படுக்க வைத்துப் பிடிக்கணும். வெயில், எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கணும். காற்று சத்தம்தான் பெரிய எதிரி. அதனால் குரலை வகுப்பறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு தனியாகப் பதிவு செய்து சேர்ப்பது நல்லது. வெட்டி ஒட்டுவதற்கு செல்போனிலேயே இலவச ஆப்கள் இருக்கின்றன. சினிமாப் பாட்டை எடுத்துப் போட வேண்டாம், அதற்கு உரிமை வைத்திருப்பவர் உண்டு. பறை, நாதஸ்வரம் வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்.

பெற்றோர் கவனிக்க...

ஒரு செல்போனை விட்டால் பசங்க பிடுங்கிக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் நடிக்க மட்டும் நிற்பார்கள். முறை வைத்து எல்லோர் கைக்கும் கேமரா போக வேண்டும். வீட்டில் அப்பாவிடம் மட்டும் போன் இருக்கிற பிள்ளைக்கு பள்ளிக்கூட சாதனத்தைத்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் இருந்து கொண்டுவா என்று சொல்லக்கூடாது.

ஆற்றங்கரையில் ஆசிரியர் இல்லாமல் படப்பிடிப்பு கூடவே கூடாது. தண்ணீர் திறந்த சமயத்தில் மதகுப் பக்கம் போகவே வேண்டாம். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் யூடியூப்பிலும் வாட்ஸ்-அப்பிலும் போடுவதும் தப்பு.

10-ம் வகுப்பு, பிளஸ்-2 பிள்ளைகளுக்கு இதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம். 6, 7, 8-ம் வகுப்புகள்தான் சரியான இடம். எல்லாப் பாடத்துக்கும் படம் எடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. பருவத்துக்கு ஒன்று எடுத்தாலே பெரிய விஷயம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது பெற்றோர் இதைக் கேட்கலாம். ஸ்மார்ட் வகுப்பறை இருக்கும் பள்ளியில் அந்தத் திரையிலேயே படத்தைப் போட்டுவிடலாம். முதல் காட்சிக்கு, பேட்டி கொடுத்த தாத்தா-பாட்டிகளைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.