தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் மின்சுற்று

9 வோல்ட் பாட்டரியில் இயங்கும் அளவுகருவியை உபயோகித்துவிட்டு, அணைக்க மறந்து அலமாரியில் வைத்தவர்கள், அடுத்த முறை அவசரமாக அதைத் தேடி எடுக்கும்போது பாட்டரி செத்துக் கிடக்கக் காண்பது சர்வசாதாரணம். உள்ளிருக்கும் மைக்ரோகண்ட்ரோலரை உறங்க வைத்தால் போதாதோ எனில், போதாது. ஏடிமெகா328 போன்ற சில்லு ஆழ்ந்த நித்திரையில் சில மைக்ரோஆம்பியருக்கு மேல் உண்பதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் அதற்கு 5 வோல்ட் வழங்கும் 7805 ரெகுலேட்டர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன் சொந்தச் செலவுக்கென்றே சுமார் 5 மில்லிஆம்பியரை எடுத்துக்கொண்டிருப்பதால், 500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி நான்கே நாட்களில் தீர்ந்துபோகும். ஆகவே ரெகுலேட்டருக்கும் முன்னதாகவே மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டியது அவசியமாகிறது.

இக்காரியத்துக்கு உகந்தது பி-சானல் மாஸ்ஃபெட். அதன் சோர்ஸ் பாட்டரியின் நேர்முனையோடும், டிரெயின் ரெகுலேட்டரோடும் சேர்கின்றன. கேட்டையும் சோர்ஸையும் 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று இணைப்பதால் இரண்டும் சம மின்னழுத்தத்தில் நிற்க, மாஸ்ஃபெட் கடத்தாமல் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கேட் தரையோடு இணைந்து, மாஸ்ஃபெட் கடத்தத் தொடங்கி, மைக்ரோகண்ட்ரோலர் விழித்துக்கொள்ளும். விழித்ததும் அது செய்ய வேண்டிய பிரதம காரியம், ஒரு பின்னை உயர்த்தி, பிசி547 போன்றதொரு டிரான்சிஸ்டரின் வழியாக அதே கேட்டைத் தரையோடு பிடித்து வைப்பதே. கதவைத் தள்ளித் திறந்தவர் கையை எடுத்த பின்னும் உள்ளிருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒப்பாகும் இது. குறித்த காலம் கழிந்ததும், அல்லது வேலை முடிந்ததும், நிரல் அப்பின்னைத் தாழ்த்த, கருவி தன் ஜீவாதாரத்தைத் தானே அறுத்துக்கொள்கிறது. அதன் பிறகு கசிவது மிக அற்பம்.

சித்திரத்தில் எளிதாகத் தோன்றும் இச்சுற்று, பலகையில் ஏறும்போது சில சங்கடங்களைத் தரும். ஆர்டுயினோவின் பூட்லோடர் நிரலைத் தொடங்குமுன் ஒரு வினாடிக்கும் மேலாகத் தாமதிக்கக்கூடுமாதலால், லேசாகத் தட்டிவிட்டுக் கையை எடுப்பவருக்குக் கருவி எழும்பாது. தொடக்க நிலையில் பின்கள் எப்பக்கமும் சாராமல் மிதப்பதால், டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் தரைக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் போடுவது உத்தமம். இவற்றையெல்லாம் சரியாகச் செய்தும் கருவி அணையவே மறுக்குமாயின், மாஸ்ஃபெட்டின் சோர்ஸும் டிரெயினும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். மாறியிருந்தால், அதன் உடம்பிலேயே பிறவியாக அமைந்த டயோடு, கேட் என்ன சொன்னாலும் பொருட்படுத்தாமல் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.